கரடுமுரடுப் பாதைக்கு ஒரு சிறு டிரெய்லர்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை

முன்னுரை



கேரவன் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சினிமா ஷூட்டிங்கில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் ஏ.சி. வண்டிதான். 2021-ஆம் ஆண்டில் கேரள அரசும் மகாராஷ்டிர அரசும் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டன. அந்த வண்டிகள் பெரும்பாலும் எஞ்சினோடு சேர்ந்தவை. நாம் வேடிக்கை பார்க்கலாம், வாங்க முடியாது.

ஆனால் இதிலும் ஏழைக்கேற்ற எள்ளுருண்டை ஒன்று உண்டு. எஞ்சின் கிடையாது, கியர் கிடையாது. ஓர் அச்சு, இரண்டு சக்கரம், மேலே ஒரு பெட்டி. ஜீப்புக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போகலாம். பகலில் சாமான் ஏற்றலாம், ராத்திரியில் நிறுத்திவிட்டு உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். இதைத்தான் அமெரிக்காவில் டிராவல் டிரெய்லர் என்கிறார்கள். நம் பக்கத்தில் வெறுமனே டிரெய்லர் என்போம். எஞ்சின் இல்லாத வண்டிதானே, இதில் பார்த்து வாங்க என்ன இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்பதை எழுதத்தான் இந்தக் கட்டுரை.

நடந்த சம்பவம்

என் தாய்மாமா சமையல் மாஸ்டர். அம்பத்தூர், பாடி, கொரட்டூர் பக்கம் கல்யாணம், காதுகுத்து என்றால் கூப்பிடுவார்கள். ஆடி மாதத்தில் திருத்தணிக்குப் பாதயாத்திரை போகிற குழு ஒன்றுக்கு வழியெல்லாம் சமைத்துப் போடுவார். அண்டா, அடுப்பு, சிலிண்டர் ஏற்ற ஒவ்வொரு தடவையும் மினி லாரி வாடகை கொடுத்து அலுத்துப்போனவர், தன் பழைய ஜீப்புக்குப் பின்னால் ஒரு டிரெய்லர் மாட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்.

2024 ஜூன் மாதம் சீட்டு எடுத்த பணத்தில் 85,000 ரூபாய் கொடுத்து ஒரு பழைய டிரெய்லர் வாங்கினார். பேசி முடிக்கிற அன்றைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிப் படிக்க வந்தவன் நான் ஒருவன்தான். அப்போது டிப்ளமாவில் முதலாம் ஆண்டு முடித்திருந்தேன். "ஏன்டா, நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியே, பார்த்துச் சொல்லு" என்றார் மாமா.

நான் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தேன். டயரைக் காலால் தட்டிப் பார்த்தேன். கதவைத் திறந்து மூடினேன். புது ஆகாய நீலப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. "நல்லாத்தான் இருக்கு மாமா" என்று சொன்னேன். அந்த ஒரு வார்த்தையை நம்பி மாமா பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

ஆடி மாதம் யாத்திரை கிளம்பியது. ஜீப்பில் மாமா, அப்பா, நான். திருவள்ளூர் தாண்டி, ராத்திரித் தங்கலுக்காக மெயின் ரோட்டை விட்டு ஒரு மாந்தோப்புக்கு மண்பாதையில் திரும்பினோம். கொஞ்ச தூரத்தில் இடதுபக்கச் சக்கரம் ஹப்போடு கழன்று ஓடிவிட்டது. ஜீப்பை விடுவிக்கலாம் என்று அப்பா குனிந்து கொக்கியைக் கழற்றினார். கழன்ற அடுத்த நொடி டிரெய்லரின் முன்கம்பம் விசுக்கென்று மேலே எழும்பி அப்பாவின் தோளில் அடித்தது. காறை எலும்பு முறிந்துவிட்டது. என் அப்பா எஸ்டேட்டில் லோடுமேன். தோள்தான் அவருக்கு மூலதனம். இரண்டு மாதம் கூலி இல்லை.

நடந்து களைத்து வந்த பக்தர்களே திரும்பி வந்து அண்டாவையும் அரிசியையும் தலையில் சுமந்து போய்ச் சமைத்துக்கொண்டார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

சக்கரம் ஏன் கழன்றது, கம்பம் ஏன் எழும்பியது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. முதலில் எடை

டிரெய்லர் வாங்கப் போகிறவர் முதலில் போக வேண்டிய இடம் விற்பவரின் ஷெட் அல்ல. தன் வீட்டிலேயே உட்கார்ந்து, என்னென்ன ஏற்றப்போகிறோம் என்று ஒரு தாளில் எழுத வேண்டும். விபத்துக்குப் பிறகு நாங்கள் டிரெய்லரை வே பிரிட்ஜில் ஏற்றி, சாமான்களைத் தனித்தனியாக நிறுத்து எழுதிய கணக்கு இது:

வெறும் டிரெய்லர்: 320 கிலோ
நிரம்பிய தண்ணீர் டிரம்: 200 கிலோ
ஓட்டல் கேஸ் சிலிண்டர் 2 (19 கிலோ கேஸ், இரும்போடு சேர்த்து ஒன்று சுமார் 37 கிலோ): 74 கிலோ
அண்டா, தவலை, மற்ற பாத்திரங்கள்: 90 கிலோ
அரிசி 3 மூட்டை: 75 கிலோ
காய்கறி, மளிகை: 60 கிலோ
அடுப்புகள்: 36 கிலோ
தார்ப்பாய், பாய், படுக்கை: 45 கிலோ
மொத்தம்: 900 கிலோ

"ஒரு அறுநூறு கிலோ இருக்கும்" என்பது மாமாவின் மனக்கணக்கு. கண்ணால் பார்த்து எடை சொல்லக் கூடாது என்பதற்கு இதுவே சாட்சி. மயிலிறகு ஏற்றிய வண்டியைப் பற்றியே வள்ளுவர் எச்சரித்திருக்கும்போது, நாம் ஏற்றுவது அண்டாவும் தண்ணீரும்.

இந்த 900 ஏன் முக்கியம்? ஐரோப்பிய நாடுகளில் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்குத் தனியாக பிரேக் இருந்தே ஆக வேண்டும். நம் நாட்டு வகைப்பாட்டிலும் 750 கிலோ வரை டி-1, அதற்கு மேல் 3,500 கிலோ வரை டி-2 என்று பிரித்திருக்கிறார்கள். எங்கள் டிரெய்லரில் பிரேக் இல்லை. அதாவது 900 கிலோ எடையை நிறுத்தும் வேலை முழுவதும் ஜீப்பின் பிரேக் தலையில் விழுந்தது.

இழுக்கிற வண்டியின் புத்தகத்தையும் பார்க்க வேண்டும். எத்தனை கிலோ இழுக்கலாம் என்று அதில் போட்டிருந்தால் அதுதான் எல்லை. எதுவும் போடாத காரின் பம்பரில் கொக்கியை வெல்டு அடித்து மாட்டுவது, தெரிந்தே ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும்.

2. முன்பாரமும் பின்பாரமும்

கட்டுரையின் முக்கியமான பகுதி இதுதான். நண்பர்கள் பென்சிலை எடுத்துக்கொள்ளவும்.

இரண்டு சக்கர டிரெய்லர் என்பது அச்சின் மேல் நிற்கும் ஒரு தராசு. பாரம் அச்சுக்கு முன்னால் அதிகமாக இருந்தால் முன்கம்பம் கொக்கியை அழுத்தும். பின்னால் அதிகமானால் கொக்கியைத் தூக்கும். கொக்கியின் மேல் விழும் இந்த எடை மொத்த எடையில் 10-இல் இருந்து 15 சதவீதம் இருப்பது நல்லது என்பது பொதுவான விதி.

எங்கள் டிரெய்லரில் கொக்கியிலிருந்து அச்சு வரை 2.4 மீட்டர். பெட்டியைச் செய்தவர் தண்ணீர் டிரம்முக்கென்று அச்சுக்கு 60 செ.மீ. முன்னால் ஒரு வளையம் வைத்திருந்தார். டிரம் அங்கே இருந்தால் மொத்த பாரத்தின் ஈர்ப்பு மையம் அச்சுக்கு 25 செ.மீ. முன்னால் விழும். அச்சைச் சுற்றி மொமென்ட் எடுத்தால்:

கொக்கியின் மேல் எடை = 900 × 0.25 ÷ 2.4 = 94 கிலோ (ஏறத்தாழ)

900-க்கு 94 என்றால் 10 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். சரியாக இருக்கிறது. இப்போது அந்த 200 கிலோ டிரம்மை மட்டும் அச்சுக்கு 60 செ.மீ. பின்னால் வைப்போம். டிரம் நகர்ந்த தூரம் 1.2 மீட்டர்.

கொக்கியில் குறையும் எடை = 200 × 1.2 ÷ 2.4 = 100 கிலோ
மீதி = 94 − 100 = −6 கிலோ

மைனஸ் 6! அதாவது கம்பம் கொக்கியை அழுத்தவில்லை, தூக்கிக்கொண்டிருக்கிறது. கொக்கி பிடித்திருக்கிற வரைக்கும் வெளியே தெரியாது. கழற்றினால் எழும்பும். அச்சு ஒருபக்கம் மண்ணில் புதைந்து, பெட்டி பின்பக்கம் சாய்ந்து நின்றால் இன்னும் வேகமாக எழும்பும். அப்பாவின் தோளில் அடித்தது இந்த மைனஸ்தான்.

அந்த டிரம்மைப் பின்னால் உருட்டி வைத்தது நான். பின்கதவுப் பக்கம் இருந்தால் குழாயைத் திறந்து தண்ணீர் பிடிக்கச் சுலபம் என்று நினைத்தேன். அதே வருஷம் அப்ளைடு மெக்கானிக்ஸ் பரீட்சையில் மொமென்ட் கணக்கை முழுசாகப் போட்டுவிட்டு வந்தவனும் நான்தான். பேப்பரில் போடத் தெரிந்தது, டிரம்மை உருட்டும்போது ஞாபகம் வரவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்த என் தாத்தா, ஊத்துக்கோட்டைப் பக்கம் அந்தக் காலத்தில் மாட்டுவண்டி ஓட்டியவர். கையெழுத்துப் போடத் தெரியாது. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பாரம் ஏத்தினப்ப முன்பாரம் பின்பாரம் பாக்கலியா?" என்றார். "பின்பாரம் ஆச்சின்னா நுகத்தடி மேல போயி மாட்டுக் கழுத்தைத் தூக்கும். முன்பாரம் ஜாஸ்தின்னா கழுத்தை அமுக்கும். ஏர்க்காலைக் கையால தூக்கிப் பாத்துட்டுத்தான் மாட்டைப் பூட்டணும்." நான் ஃபார்முலாவாகப் படித்ததை அவர் கையால் அளந்திருக்கிறார்.

பின்பாரத்தின் கெடுதல் நிறுத்தும்போது மட்டும் இல்லை. ஓடும்போது டிரெய்லர் பாம்பு மாதிரி நெளியும். வேகம் கூடக்கூட நெளிவும் கூடி, இழுக்கிற வண்டியையே புரட்டிவிடும். இறக்கத்தில் இது இன்னும் மோசம். நெளிய ஆரம்பித்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது, வேகத்தைக் கூட்டி நேர்படுத்தலாம் என்றும் நினைக்கக் கூடாது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விட வேண்டும். முன்பாரமும் அளவு மீறக் கூடாது. மீறினால் ஜீப்பின் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரம் லேசாகிவிடும், ஸ்டியரிங் பிடிப்பு போய்விடும்.

முன்பாரத்தை அளக்க மெஷின் வேண்டாம். சமதரையில் டிரெய்லரை நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுத்து, ஆள் எடை பார்க்கும் சின்னத் தராசை முன்கம்பத்தின் கீழே செங்கல் வைத்து ஏற்றினால் போதும். கம்பம் கொக்கியின் உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இப்போது நாங்கள் என்ன செய்கிறோம்? டிரம்மைக் காலியாகக் கொண்டுபோய், தங்கும் இடத்தில் தண்ணீர் நிரப்புகிறோம். 190 கிலோ குறைந்து மொத்தம் 710 ஆகிவிடுகிறது. ஆனால் முன்னால் இருந்த தண்ணீரை எடுத்ததால் முன்பாரமும் 94-இலிருந்து 46 கிலோவுக்கு இறங்கிவிடும். அதற்காக 75 கிலோ அரிசியை 80 செ.மீ. முன்னால் நகர்த்தினோம். 75 × 0.8 ÷ 2.4 = 25 கிலோ கூடுகிறது. 46 + 25 = 71 கிலோ. 710-க்கு 71, சரியாக 10 சதவீதம். ஒரு பைசா செலவில்லை.

3. சக்கரம்

கரடுமுரடுப் பாதைக்கு என்று செய்த சிறு டிரெய்லர்களில் புகழ்பெற்றது இரண்டாம் உலகப் போரில் ஜீப்புக்குப் பின்னால் ஓடிய கால் டன் டிரெய்லர். அமெரிக்காவின் பாண்டம் கம்பெனியும் வில்லிஸ் கம்பெனியும் அதைச் செய்தன. ஆற்றில் இறங்கினால் மிதக்கும்படி பெட்டியைத் தொட்டி மாதிரி அமைத்தார்கள். அதைவிட நாம் கவனிக்க வேண்டியது சக்கரம். ஜீப்புக்கு எந்த 6.00-16 சக்கரமோ, டிரெய்லருக்கும் அதே.

இதில் இரண்டு லாபம். ஒன்று, ஒரே ஸ்டெப்னி ஆறு சக்கரத்துக்கும் பொருந்தும். இரண்டாவது, பெரிய சக்கரம் பள்ளத்தில் குறைவாக இறங்கும். இதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சக்கரத்தின் ஆரம் ஆர், பள்ளத்தின் அகலத்தில் பாதி டபிள்யூ என்றால், சக்கரம் இறங்கும் ஆழம் = ஆர் − √(ஆர்² − டபிள்யூ²). பள்ளத்தின் அகலம் 300 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

500 மி.மீ. விட்டமுள்ள சின்னச் சக்கரம்: 250 − 200 = 50 மி.மீ.
700 மி.மீ. விட்டமுள்ள ஜீப் சக்கரம்: 350 − 316 = 34 மி.மீ.

ஒவ்வொரு பள்ளத்திலும் 16 மி.மீ. குறைவாக விழுகிறது. மழை முடிந்த பிறகு நம் ஊர்த் தெருக்களில் எத்தனை பள்ளம் என்று எண்ணிப் பெருக்கிக்கொள்ளுங்கள். பார்வைக்கு அழகாக இருக்கிறதே என்று சின்னச் சக்கர டிரெய்லரை வாங்கினால் ஸ்பிரிங்கும் பேரிங்கும் அதற்கு விலை கொடுக்கும்.

இரண்டு பக்கச் சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம் ஜீப்பின் அகலத்தோடு ஒத்துப்போவதும் நல்லது. மண்பாதையில் ஜீப் அமுக்கிப் போட்ட தடத்திலேயே டிரெய்லரும் வந்துவிடும். டயரின் வயசையும் பார்க்கவும். பக்கச்சுவரில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. டிரெய்லர் டயர் தேய்ந்து கெடுவதைவிட வெயிலில் நின்றே வெடிப்பு விட்டுக் கெடுவது அதிகம்.

4. அச்சு, பேரிங், ஸ்பிரிங்

எங்கள் சக்கரம் ஏன் கழன்றது? மெக்கானிக் ஹப்பைப் பிரித்தபோது உள்ளே கிரீஸ் பால் கலந்த காபி மாதிரி இருந்தது. பேரிங் உருளைகள் செம்மண் நிறத்தில் துருப்பிடித்திருந்தன. பிறகு விசாரித்ததில், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அந்த டிரெய்லர் நாட்கணக்கில் வெள்ளத்தில் நின்றது தெரியவந்தது. அதற்கு மேல்தான் ஆகாய நீலப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

பேரிங்கில் தண்ணீர் போனால் கிரீஸ் கெடும். கிரீஸ் கெட்டால் உரசல் கூடும். உரசல் கூடினால் சூடேறி உருளைகள் பிடித்துக்கொள்ளும், உள்வளையம் ஹப்போடு சேர்ந்து சுற்றி நட்டையே தேய்த்துத் தள்ளிவிடும். கடைசியில் ஹப்பும் சக்கரமும் சேர்ந்தே வெளியே வரும். நிற்கிற வண்டிக்கு மட்டும் இந்த ஆபத்து இல்லை. ஓடிச் சூடான ஹப் திடீரென்று வெள்ளத்தில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். 2015 டிசம்பரையும் பார்த்த ஊர்க்காரர்களுக்கு வெள்ளத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரில் ஓட்டிய டிரெய்லருக்கு ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் வைப்பது கட்டாயம்.

வாங்கும்போது ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்தைத் தூக்குங்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லொடலொடவென்று ஆடக் கூடாது. சுற்றிவிட்டால் கரகர சத்தம் வரக் கூடாது. இவ்வளவு பார்த்தும் போதாது. ஹப் மூடியைத் திறந்து கிரீஸின் நிறத்தைக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் மாட்டேன் என்றால் டீ குடித்துவிட்டு நல்லபடியாகத் திரும்பி வந்துவிடுங்கள். வாங்கிய பிறகு, முதல் 20 கி.மீ. ஓடியதும் நிறுத்தி ஹப்பின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் அதற்கு மேல் ஒரு அடி ஓட்டக் கூடாது.

ஸ்பிரிங் விஷயத்தில் இரண்டு வகை. ஒன்று நமக்குத் தெரிந்த பட்டை ஸ்பிரிங். இன்னொன்று, அச்சுக் குழாய்க்குள் ரப்பரை வைத்து முறுக்கும் வகை. இதில் இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும், குலுக்கலும் குறைவு. ஆனால் ரப்பர் போய்விட்டால் வழியில் எதுவும் செய்ய முடியாது, அச்சையே மாற்ற வேண்டும். பட்டை முறிந்தால் எந்தச் சின்ன ஊர்ப் பட்டறையிலும் வேறு பட்டை போட்டு அனுப்பிவிடுவார்கள். எனவே நம் பாதைக்குப் பட்டை ஸ்பிரிங்கே மேல் என்பது என் தாழ்மையான கருத்து. சென்டர் போல்ட், யூ போல்ட் இரண்டையும் டார்ச் அடித்துப் பார்க்கவும். சென்டர் போல்ட் கட் ஆகியிருந்தால் அச்சு ஒருபக்கம் நகர்ந்து வண்டி கோணலாக ஓடும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: கொத்தனார் நூல் ஒன்றை எடுத்து, கொக்கியின் நடுவிலிருந்து அச்சின் இடது முனைக்கும் வலது முனைக்கும் பிடித்து அளக்கவும். இரண்டும் சமமாக இருந்தால் அச்சு நேராக இருக்கிறது.

5. சேஸிஸ், கொக்கி, சங்கிலி

முன்கம்பம் பெட்டியோடு சேருகிற மூலைதான் டிரெய்லரின் உயிர்நாடி. வளைவு மொமென்ட் மிக அதிகமாக வருவது அங்கேதான். பள்ளத்தில் விழும்போது அது இன்னும் பலமடங்காகும். அந்த இடத்தில் வெல்டின் மேல் மயிரிழை வெடிப்பு, துரு ஒழுகிய கோடு, பெயின்ட் கொப்பளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சேனலின் மேல்பட்டையிலோ கீழ்ப்பட்டையிலோ ஓட்டை போட்டிருந்தால் அந்தச் சேனல் பலம் இழந்துவிட்டது என்று அர்த்தம். ஓட்டை போட்டே ஆகவேண்டுமென்றால் நடுச்சுவரில்தான் போட வேண்டும். காரணம், நடு அச்சில் வளைவு அழுத்தம் பூஜ்யம் என்று ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் படித்திருக்கிறோம்.

கொக்கியில் உருண்டை வகையும் உண்டு, வளையம்-கொக்கி வகையும் உண்டு. தார்ரோட்டுக்கு உருண்டை அமைதியாக ஓடும். மேடு பள்ளத்தில் ஜீப் ஒருபக்கமும் டிரெய்லர் ஒருபக்கமும் முறுக்கும்போது வளையம்-கொக்கிதான் நன்றாகத் திரும்பிக் கொடுக்கும். ராணுவ வண்டிகளில் அதை வைப்பதற்கு இதுவே காரணம். எந்தக் கொக்கியானாலும் பாதுகாப்புச் சங்கிலி இரண்டு வேண்டும். அவற்றைக் கம்பத்தின் அடியில் பெருக்கல் குறி போலக் குறுக்கே மாட்ட வேண்டும். கொக்கி விட்டுப்போனாலும் கம்பம் தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும். பின்விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் எல்லாம் எரிய வேண்டும், சிவப்பு ரிஃப்ளெக்டரும் வேண்டும்.

பிரேக் உள்ள டிரெய்லர் கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்குங்கள். ஜீப் நிற்கும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும் அல்லவா, அந்தத் தள்ளும் விசையையே எடுத்துத் தன் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும் வகை இருக்கிறது. எளிமையான அமைப்புதான்.

இந்த உதிரிகளுக்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. ஆவடியில் 1955-இலிருந்து டியூப் புராடக்ட்ஸ், பாடியில் 1960-இலிருந்து வீல்ஸ் இந்தியா, 1962-இலிருந்து பிரேக்ஸ் இந்தியா. குழாயும் சக்கரமும் பிரேக்கும் நம் வாசலிலேயே பிறந்திருக்கின்றன. நம்மில் பலருடைய அப்பாக்களும் அண்ணன்களும் அங்கே வேலை பார்த்தவர்கள்தான். நல்ல டிரெய்லர் ஒன்றை நாமே டிசைன் செய்யக் கூடாதா என்ற கேள்வியை புராஜெக்ட் தேடும் தோழர்கள் முன் வைக்கிறேன்.

6. உள்ளே படுப்பவர்களுக்கு

வண்டி ஓடும்போது டிரெய்லருக்குள் யாரும் உட்காரவோ படுக்கவோ கூடாது. இதற்கு விதிவிலக்கே இல்லை. சிலிண்டரை நிமிர்த்தி வைத்துக் கட்ட வேண்டும், ரெகுலேட்டரைக் கழற்றிவிட வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். அதனால் பெட்டியின் அடிமட்டத்தில் காற்றுத்துளை இருக்கிறதா என்று பாருங்கள். மேலே ஜன்னல் இருந்தால் மட்டும் போதாது. ராத்திரி படுக்கும்போது சிலிண்டரும் அடுப்பும் வெளியே, மனிதர்கள் மட்டும் உள்ளே.

7. காகிதங்கள்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. எஞ்சின் இல்லையே, எதற்குப் பதிவு என்று கேட்பது செல்லாது. சேஸிஸ் எண்ணைப் பென்சில் தேய்த்துத் தாளில் எடுத்து, ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடவும். பட்டறையில் சொந்தமாகக் கட்டிய டிரெய்லர் என்றால், பணம் கொடுப்பதற்கு முன்பே அதன் ஆவணங்களை எடுத்துக்கொண்டு அம்பத்தூரோ பூந்தமல்லியோ உங்களுக்கு உரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டி, பதிவு ஆகுமா என்று கேட்டுவிடுங்கள். அட்வான்ஸ் கொடுத்தபின் கேட்டால் அழத்தான் வேண்டும். இன்ஷூரன்ஸ் இழுக்கும் வண்டிக்கும் டிரெய்லருக்கும் சேர்த்து இருக்கிறதா என்பதையும் எழுத்தில் வாங்கவும்.

வாங்கப் போகும்போது

கையில் எடுத்துப்போக வேண்டியவை: டார்ச், ஜாக்கி, கொத்தனார் நூல், டேப், சின்னச் சுத்தி, ஆள் எடைத் தராசு, அழுக்கானால் பரவாயில்லாத சட்டை. கேட்க வேண்டியவை:

1. ஏற்றப்போகும் சாமானின் எடையை எழுதிக் கூட்டியாகிவிட்டதா?
2. மொத்தம் 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லரில் பிரேக் இருக்கிறதா?
3. முன்பாரம் பத்தில் ஒரு பங்காவது வருகிறதா?
4. சக்கரம் இழுக்கும் வண்டியின் சக்கரமேதானா? டயருக்கு என்ன வயசு?
5. ஹப்பைத் திறந்து கிரீஸைப் பார்த்தாகிவிட்டதா?
6. பட்டை, சென்டர் போல்ட், யூ போல்ட் சரியா? நூல் அளவு இரண்டு பக்கமும் சமமா?
7. கம்பம் சேரும் மூலையில் வெடிப்பு, துரு உண்டா?
8. சங்கிலி இரண்டும் விளக்குகளும் இருக்கின்றனவா?
9. கடைசி மழையில் வண்டி எங்கே நின்றது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தாயிற்றா?
10. ஆர்.சி.யும் சேஸிஸ் எண்ணும் ஒத்துப்போகின்றனவா?

இந்தப் பத்தையும் பார்க்க ஒரு மணி நேரம் ஆகும். நான் அன்றைக்குச் செலவு செய்தது ஐந்து நிமிஷம்.

முடிவுரை

அப்பா இப்போது வேலைக்குப் போகிறார். வலது கையை முழுசாக மேலே தூக்க முடிவதில்லை. மூட்டையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டார். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. போன ஆடியில் டிரெய்லரில் பாரம் ஏற்றும்போது, "தம்பி, நீ வந்து தூக்கிப் பார்த்துச் சொல்லு, அப்புறம் மாட்டலாம்" என்றார். கம்பத்தைத் தூக்கிப் பார்த்தேன், தராசிலும் வைத்துப் பார்த்தேன். 71 கிலோ காட்டியது. ஹப்பையும் பிரித்துக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் மாமா சாவியைப் போட்டார். திருத்தணி போய் நல்லபடியாகத் திரும்பினோம்.

நம் பாலிடெக்னிக்கில் படிக்கிற பலரும் என்னைப் போல வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். மோட்டார் ரிப்பேர் ஆனாலும், பழைய வண்டி வாங்கினாலும், "நீதான் படிக்கிறியே, பார்த்துச் சொல்லு" என்று நம்மைத்தான் கூப்பிடுவார்கள். நம் ஒரு வார்த்தையில் அவர்களுடைய சீட்டுப் பணமும் சில சமயம் உடம்பும் அடங்கியிருக்கிறது. தெரிந்ததை அளந்து பார்த்துச் சொல்லுவோம். தெரியாவிட்டால், "தெரியலை மாமா, கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்ல வெட்கப்படாமல் இருப்போம்.

கட்டுரையில் குறை ஏதும் இருந்தால் ஆசிரியர்களும் நண்பர்களும் சுட்டிக்காட்டித் திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.